பாம் (Palm) பி.டி.ஏ.வை அன்றாட வேலைக்கும் பாட்டு, படத்துக்கும் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பி.டி.ஏ. என்பது முகவரி, நாள்காட்டி, குறிப்புகளை வைத்துக்கொள்ளும் கையடக்கக் கணினி. அது கைக்கு வந்த முதல் நாள் பெரும்பாலோர் செய்வது இதுதான். பத்துப் பாட்டை ஏற்றிக் கேட்பார்கள், ஒரு படத்தை ஓட்டிப் பார்ப்பார்கள், நாலைந்து தொலைபேசி எண்களைத் தட்டி வைப்பார்கள். இரண்டு வாரத்தில் உள்நினைவகம் நிரம்பிவிடும். எண்கள் பாதி போனில், பாதி இதில் என்று சிதறிக் கிடக்கும். பிறகு கருவி இழுப்பறைக்குள் போய்விடும்.

பலருக்கு இதை அமைத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலையின் வரிசை மாறினால்தான் சிக்கல் வருகிறது. முதலில் கணினி இணைப்பு, அடுத்து வகைகள், அதன் பிறகு தகவல், காப்பு. பாட்டும் படமும் கடைசி.

இங்கே சொல்வது பாம் ஓ.எஸ். 5 என்ற இயங்குதளம் ஓடும் கருவிகளுக்குப் பொருந்தும். பட்டன், மெனு பெயர்களை 2005-ல் வந்த பாம் டி.எக்ஸ். கருவியை வைத்துத் தந்திருக்கிறேன். டங்ஸ்டன், ஜயர் வரிசைக் கருவிகளில் சில பெயர்கள் மட்டும் மாறும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கருவி, அதற்கே உரிய சார்ஜர், ஹாட்சிங்க் கேபிள் (கருவியையும் கணினியையும் இணைத்து இரண்டிலும் உள்ள தகவலை ஒன்றாக்குவதுதான் ஹாட்சிங்க்), எழுதுகோல் (ஸ்டைலஸ்), திரைக்கு ஒட்டும் பாதுகாப்புத் தாள், 2 ஜி.பி. அல்லது அதற்கும் குறைந்த எஸ்.டி. கார்டு, கணினியில் செருகும் கார்டு ரீடர்.

கார்டு வாங்கும்போது கவனம் தேவை. கார்டின் மேல் எஸ்.டி.எச்.சி. அல்லது எஸ்.டி.எக்ஸ்.சி. என்று அச்சிட்டிருந்தால் இந்தக் கருவிகள் அதைத் தாமாகப் படிக்காது. வடிவம் ஒன்றுதான், ஓட்டையிலும் சரியாகப் பொருந்தும். ஆனால் உள்ளே தகவல் ஒழுங்குபடுத்தப்படும் முறை வேறு. 32 ஜி.பி. கார்டைச் செருகிவிட்டு “ஸ்லாட் கெட்டுப்போச்சு” என்று கொண்டு வந்தவர்கள் உண்டு. ஸ்லாட்டில் ஒரு குறையும் இல்லை.

2. உங்கள் கருவியின் நினைவகம் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு எண்ணைக்கூடப் பதியாதீர்கள்.

டங்ஸ்டன் ஈ, டங்ஸ்டன் டி3 போன்றவற்றில் தகவல் இருக்கும் இடம் ராம். மின்கலத்தில் உயிர் இருக்கும்வரைதான் தகவலும் இருக்கும். ஒரு மாதம் பெட்டியில் போட்டு மறந்தால் திறக்கும்போது கருவி காலி. டங்ஸ்டன் டி5, டங்ஸ்டன் ஈ2, டி.எக்ஸ். ஆகியவற்றில் ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது. மின்கலம் முழுதும் தீர்ந்தாலும் பதிந்தது அழியாது.

முதல் வகை உங்களிடம் இருந்தால் 10-ஆம் பகுதியில் வரும் காப்பு வேலையை வாரம் ஒருமுறை என்று வைக்காமல் தினமும் செய்யுங்கள்.

3. சார்ஜ் ஏற்றி, முழுதும் அழித்து, திரையைச் சீர்செய்தல்

நான்கு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். பாதி சார்ஜில் அழிப்பு வேலையைத் தொடங்கி நடுவில் அணைந்தால் தலைவலி.

பிறர் பயன்படுத்திய கருவியாக இருந்தால் முழு அழிப்பு கட்டாயம். காரணம், பழைய உரிமையாளரின் ஹாட்சிங்க் பெயர் உள்ளேயே இருக்கும். அதோடு இணைத்தால் அவருடைய முகவரிகளும் உங்களுடையவையும் கலந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்புறத்தில் உள்ள ரீசெட் துளையை எழுதுகோல் நுனியால் அழுத்தி விடுங்கள். லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை விடுங்கள். எல்லாம் அழியப் போகிறது என்ற எச்சரிக்கை வரும். மேல்நோக்கிய பட்டனை அழுத்தினால் அழியும். துளைக்குள் ஊசி, குண்டூசி போன்ற கூரான எதையும் விடாதீர்கள்.

கருவி எழுந்ததும் திரையில் தெரியும் குறிகளைத் தொடச் சொல்லும். இதை அவசரமாகத் தட்டிவிடாதீர்கள். குறியின் நட்டநடுவில் தொட்டால்தான் பிறகு நீங்கள் தொடும் இடமும் கருவி எண்ணும் இடமும் ஒன்றாக இருக்கும். பாதுகாப்புத் தாளை இந்த வேலைக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு செய்த அளவீடுதான் நிலைக்கும்.

4. கணினி இணைப்பு: மென்பொருள் முதலில், கேபிள் பிறகு

பாம் டெஸ்க்டாப் மென்பொருளை நிறுவுங்கள். அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் செருகுங்கள். முன்பே செருகினால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு டிரைவரை மாட்டிவிடும். அதைக் கழற்றி எறியாமல் ஹாட்சிங்க் நடக்காது.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 4.1.4 பதிப்பும் விஸ்டாவுக்கு 6.2 பதிப்பும் ஏற்றவை. 64 பிட் விண்டோஸில் மென்பொருள் ஓடும், ஆனால் பாம் தந்த யு.எஸ்.பி. டிரைவர் 32 பிட்டுக்கு மட்டுமே. அங்கே கேபிளை விட்டுவிட்டு ப்ளூடூத் வழியாக இணையுங்கள், அல்லது பழைய 32 பிட் கணினி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஜே-பைலட் இருக்கிறது. முகவரி, நாள்காட்டி, பணி, குறிப்பு நான்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

நிறுவும்போது கேட்கும் பயனர் பெயரை யோசித்துக் கொடுங்கள். ஒரு கருவிக்கு ஒரு பெயர். வீட்டில் இரண்டு கருவிகளுக்கு ஒரே பெயரைக் கொடுத்தால், எது புதிது, எது பழையது என்று கணினிக்குத் தெரியாமல் எல்லாப் பதிவும் இரட்டித்துவிடும்.

இப்போது காலியாக உள்ள கருவியை ஒருமுறை ஹாட்சிங்க் செய்து பாருங்கள். ஏதும் இல்லாதபோது செய்து பார்ப்பதுதான் நல்லது. கேபிள், டிரைவர், பெயர் எதில் குறை இருந்தாலும் இழக்க ஒன்றும் இருக்காது.

ஹாட்சிங்க் மேனேஜரில் ‘கஸ்டம்’ என்ற பகுதி உண்டு. அதில் ஒவ்வொரு செயலிக்கும் நான்கு வழிகள்: இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்ப்பது, கணினியில் உள்ளதைக் கருவியின் மேல் எழுதுவது, கருவியில் உள்ளதைக் கணினியின் மேல் எழுதுவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. எப்போதும் முதல் வழியே இருக்கட்டும். ஒரு நண்பர் கருவியை முழுதும் அழித்தபின் அவசரத்தில் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். காலியான கருவி கணினியின் மேல் எழுதப்பட்டது. முந்நூறு முகவரிகள் இருந்த பட்டியல் எங்கள் கண்ணெதிரே வெறுமையானது. காப்புப் பிரதி இல்லை. பழைய டைரியை வைத்து இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம்.

5. தகவலுக்கு முன் வகைகள்

ஒவ்வொரு செயலியிலும் 15 வகைகள் உருவாக்கலாம். எதிலும் சேராதவை ‘அன்ஃபைல்ட்’ என்ற இடத்தில் விழும். பதினைந்தையும் நிரப்பாதீர்கள். வீடு, வேலை, மருத்துவம், பணம், பயணம் என்று ஐந்தாறு போதும்.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூறு முகவரி ஏற்றிய பிறகு வகை பிரிப்பதென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தொடங்கிய யாரும் முடித்து நான் பார்த்ததில்லை.

6. முகவரிகளை ஏற்றுதல்

கருவியில் ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். போனிலோ மின்னஞ்சலிலோ உள்ள முகவரிகளை சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) எடுத்து, பாம் டெஸ்க்டாப்பில் ‘இம்போர்ட்’ கொடுங்கள். எந்தப் பத்தி எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் வரிசையை மேலும் கீழும் நகர்த்திப் பொருத்துங்கள். பெயர் இடத்தில் தெருவும் தெரு இடத்தில் எண்ணும் விழுவது இந்தப் பட்டியலைப் பார்க்காமல் ‘ஓகே’ தட்டுவதால்தான். முதலில் ஐந்தே பேர் உள்ள சிறு கோப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு முழுதையும் ஏற்றுங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாம் ஓ.எஸ்.ஸில் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) இல்லை. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ வெறும் கட்டங்களாகவோ மாறிவிடும். ஒருமுறை அப்படி மாறியது மீளாது.

தேடும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையில் உள்ள ‘ஃபைண்ட்’ சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும். ‘குமார்’ என்று தேடினால் ‘குமாரசாமி’ வருவார், ‘சிவகுமார்’ வரமாட்டார். ‘சிவ’ என்று தேட வேண்டும். “போட்டேன், காணோம்” என்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான்.

7. நாள்காட்டி

நேரம் உள்ள வேலைக்கு நேரத்தோடு பதிவு. பிறந்தநாள், கட்டணம் கட்டும் கடைசி நாள் போன்றவற்றுக்கு ‘நோ டைம்’. அவை அன்றைய பக்கத்தின் தலையில் நிற்கும், மணிக்கணக்கில் இடம் பிடிக்காது.

திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை எழுதி ‘ரிப்பீட்’ கொடுங்கள். மாதக் கடைசியில் வருவதை 31-ஆம் தேதியில் வைக்காமல் 28-இல் வைப்பது என் பழக்கம். எல்லா மாதத்திலும் 31 இல்லை. பாம் நாள்காட்டி 2031 டிசம்பர் வரைதான் போகும், அதற்கு மேல் எழுத முடியாது.

அலாரம் ஒலிக்கவில்லை என்பது அடிக்கடி வரும் குறை. ‘ப்ரெஃப்ஸ்’ (அமைப்புகள்) உள்ளே ‘சவுண்ட்ஸ்’ பகுதியைத் திறங்கள். சிஸ்டம் ஒலி, விளையாட்டு ஒலி, அலாரம் ஒலி மூன்றுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது. தட்டும் ஓசை பிடிக்காமல் எல்லாவற்றையும் ‘ஆஃப்’ செய்தவர்கள் அலாரத்தையும் சேர்த்தே ஊமையாக்கியிருப்பார்கள். டி.எக்ஸ்.ஸில் அதிர்வும் கிடையாது, ஆகவே ஒலியை விட்டால் வேறு வழி இல்லை.

8. பணிகளும் குறிப்புகளும்

பணிகளுக்கு 1 முதல் 5 வரை முக்கியத்துவ எண் கொடுக்கலாம். 1, 2, 3 மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் பயன்படுத்தினால் எதை எந்த எண்ணில் போடுவது என்று யோசிப்பதற்கே நேரம் போகும். பணியின் பெயரை வினைச்சொல்லோடு எழுதுங்கள். ‘வங்கி’ என்று எழுதியதைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் என்ன வேலை என்றே நினைவுக்கு வராது. ‘வங்கியில் முகவரி மாற்றக் கடிதம் கொடுக்க’ என்றால் சந்தேகமே இல்லை. இதையும் கருவியில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருக்கும்.

மெமோஸ் என்ற குறிப்புச் செயலியில் குறிப்பின் முதல் வரியே தலைப்பு. பட்டியல் அகர வரிசையில் நிற்கும். அடிக்கடி தேவைப்படுவதன் முதல் வரியை 01, 02 என்று தொடங்கினால் அவை எப்போதும் மேலே இருக்கும்.

குறிப்புகளை ‘ப்ரைவேட்’ என்று குறித்து மறைக்கலாம். அது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமல் இருக்க உதவும் திரைதான். கணினிக்குப் போன பிரதியை வேறு வழியில் திறந்து படிக்க முடியும். வங்கிக் கடவுச்சொற்களை இதில் எழுதாதீர்கள்.

9. கிராஃபிட்டி எழுத்துப் பயிற்சி

எழுதுகோலால் திரையில் எழுதுவதைக் கருவி எழுத்தாக மாற்றிக்கொள்ளும் முறைதான் கிராஃபிட்டி. ஐந்து எழுத்து பிழையானதும் பலர் திரை விசைப்பலகைக்கு ஓடிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினால் எழுதும் ஆசையே போய்விடும். தினம் 15 நிமிடம் என்று நாலு நாள் எழுதிப் பாருங்கள்.

எழுதும் பகுதியின் இடப்பக்கம் எழுத்துகளுக்கு, வலப்பக்கம் எண்களுக்கு. புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி பக்கம் மாறி எழுதுவதால் வருவது. எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக, பகுதி நிறைய எழுதுங்கள். பொடியாக எழுதினால் வளைவும் கோணமும் கருவிக்குப் பிடிபடாது. கிராஃபிட்டி 2-இல் ஐ (i), டி (t), கே (k), எக்ஸ் (x) ஆகிய ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு. முதல் இழுப்பை இழுத்துவிட்டு யோசித்தால் கருவி அதை வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

நான் நாள் தவறாமல் பயன்படுத்துவது ‘ஷார்ட்கட்ஸ்’. ஷார்ட்கட் சுழியைப் போட்டு ‘டி.எஸ்.’ (ds) என்று எழுதினால் அன்றைய தேதி தானே விழும். ‘டி.டி.எஸ்.’ (dts) எழுதினால் தேதியும் நேரமும் சேர்ந்து விழும். பேசிய பேச்சைக் குறித்து வைப்பவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்பது ஒரே வாரத்தில் தெரியும். அடிக்கடி எழுதும் சொற்றொடர்களை ‘ப்ரெஃப்ஸ்’ வழியாக நீங்களே சேர்க்கலாம்.

10. காப்பு எடுத்தல்

பாட்டுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

ஹாட்சிங்க் செய்தால் நான்கு முக்கியச் செயலிகளும் கணினிக்குப் போய்விடும். ஆனால் பின்னால் நீங்கள் நிறுவும் செயலிகளின் தகவல் எல்லாமே அதில் அடங்கும் என்று சொல்ல முடியாது. அதற்குக் கார்டில் தனியாக ஒரு முழுக் காப்பு வேண்டும். ஃப்ளாஷ் நினைவகக் கருவிகளுக்கு என்.வி.பேக்கப் என்ற இலவசச் செயலி நன்றாக வேலை செய்கிறது. புதிய செயலி நிறுவும் முன் ஒருமுறை, வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

கணினியில் பாம் ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் பெயரைச் சுருக்கி வைத்த ஒரு ஃபோல்டர் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அப்படியே வேறொரு வட்டுக்குப் பிரதி எடுங்கள். 4-ஆம் பகுதியில் சொன்ன நண்பரிடம் இந்த ஒரு பிரதி இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் திரும்பியிருக்கும்.

11. கார்டைத் தயார் செய்தல்

டி.எக்ஸ்.ஸில் 128 எம்.பி. நினைவகம், அதில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 100. அது செயலிகளுக்கும் பதிவுகளுக்கும் உரிய இடம். ஒரு பாட்டைக்கூட அங்கே வைக்காதீர்கள். உள்நினைவகம் நிரம்பினால் கருவி மந்தமாகும், அடிக்கடி தானே ரீசெட் ஆகும்.

கார்டைக் கருவியில் செருகி, ‘கார்டு இன்ஃபோ’ செயலியிலிருந்து ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மட் செய்யும்போது ஏதாவது புதிய முறையைத் தேர்ந்துவிட்டால் கருவி அதைப் படிக்காது. பாட்டு, படங்களை ஹாட்சிங்க் வழியாக அனுப்பினால் மணிக்கணக்கில் ஆகும். கார்டைக் கழற்றி ரீடரில் செருகி நேராகப் பிரதி எடுங்கள்.

12. பாட்டு

எம்.பி.3 கோப்புகளைக் கார்டில் ‘ஆடியோ’ என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள், ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். பாக்கெட் டியூன்ஸ் என்ற பாட்டுச் செயலி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை கிலோபிட்) தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்.பி. ஆகும். 1 ஜி.பி. இடத்தில் நான்கு நிமிடப் பாட்டுகள் 250 பிடிக்கும். கோப்பின் உள்ளே உள்ள பாட்டுப் பெயர் தமிழில் இருந்தால் இங்கேயும் கட்டங்களாகத்தான் தெரியும், ஏற்றும் முன் மாற்றிவிடுங்கள்.

பாட்டு பின்னணியில் ஓட, நாள்காட்டியைத் திறந்து வேலை பார்க்கலாம். வெறும் பாட்டு கேட்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். மின்கலத்தை அதிகம் தின்பது திரை வெளிச்சம்.

13. படம் ஓட்டுதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. டி.எக்ஸ்.ஸின் ப்ராசசர் 312 மெகா ஹெர்ட்ஸ், திரை 320-க்கு 480 புள்ளிகள். போனில் எடுத்த வீடியோவை அப்படியே போட்டால் படம் திக்கித் திக்கி ஓடும், ஒலி முன்னால் போய்விடும். ஆகவே கணினியில் மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

ஓட்டுவதற்கு டி.சி.பி.எம்.பி. என்ற இலவசச் செயலியை நிறுவுங்கள். மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக் போன்ற ஏதாவது ஒரு கணினி மென்பொருள் போதும். வைக்க வேண்டிய அளவுகள்: ஏ.வி.ஐ. கோப்பு, எக்ஸ்விட் வீடியோ, அகலம் 480, உயரம் 272, வீடியோவுக்கு 500 கே.பி.பி.எஸ்., ஒலிக்கு எம்.பி.3 முறையில் 128 கே.பி.பி.எஸ். உயரம் 270 என்று வராமல் 272 என்று வைப்பது ஏனென்றால் இந்த வகை வீடியோ 16-ஆல் வகுபடும் அளவுகளில் சுலபமாக விரியும். ஒலிக்கு ஏ.ஏ.சி. வேண்டாம், 0.72 பதிப்பிலிருந்து டி.சி.பி.எம்.பி.யில் அது நீக்கப்பட்டுவிட்டது. படம் மட்டும் ஓடி, சத்தமே வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த அளவில் இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 565 எம்.பி. வரும். 2 ஜி.பி. கார்டில் மூன்று படம் வைக்கலாம்.

முழுப் படத்தையும் மாற்றிவிட்டுப் பிறகு சோதிப்பவர்கள் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள். முதலில் இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி ஏற்றுங்கள், ஆட்டமும் ஓட்டமும் அதிகம் உள்ள காட்சியாக இருக்கட்டும். டி.சி.பி.எம்.பி. மெனுவில் ‘பெஞ்ச்மார்க்’ இருக்கிறது. அதை ஓட்டினால் சராசரி வேகம் சதவீதத்தில் வரும். 100-க்குக் கீழே என்றால் திக்கும். 120-க்கு மேல் இருந்தால் கவலையின்றி முழுப் படத்தையும் மாற்றலாம். குறைவாக வந்தால் 500-ஐ 400 ஆக்கி மறுபடி பாருங்கள்.

14. புகைப்படம், ஆவணம், படிக்க

புகைப்படங்களைக் கணினியிலேயே சிறிதாக்கி, கார்டில் ‘டி.சி.ஐ.எம்.’ ஃபோல்டரில் போடுங்கள். கேமராவில் எடுத்த முழு அளவுப் படம் திறக்கவே நேரம் பிடிக்கும், இந்தத் திரையில் கூடுதல் தெளிவும் தெரியாது.

வேர்டு, எக்செல் கோப்புகளை 97-2003 வடிவில் சேமித்துக் கொண்டுவந்தால் டாக்குமெண்ட்ஸ் டு கோ செயலியில் திறந்து திருத்தலாம். ஆங்கிலப் புத்தகங்களுக்கு ப்ளக்கர் என்ற படிப்புச் செயலி போதும். தமிழில் படிக்க நான் செய்வது, பக்கத்தைக் கணினியில் பெரிய எழுத்தில் திரையின் அளவுக்கே அமைத்து ஜேபெக் படமாக்கி, புகைப்படம்போல வரிசையாகப் புரட்டுவது. தேட முடியாது, எழுத்தளவை மாற்ற முடியாது. ஆனால் எழுத்து உடையாமல் அச்சுப்போல் நிற்கும்.

இன்றைய இணையதளங்களை இதன் பிரவுசரில் திறக்க முயலாதீர்கள். பாதுகாப்பு முறைகள் மாறிவிட்டன. வை-ஃபையை அணைத்து வைத்தால் மின்கலமாவது மிஞ்சும்.

15. நாள் ஓட்டமும் கருவி உறைந்தால் செய்வதும்

காலையில் நாள்காட்டியையும் பணிகளையும் இரண்டு நிமிடம் பாருங்கள். பகலில் தோன்றுவதையெல்லாம் வகை பாராமல் ‘அன்ஃபைல்டில்’ எழுதுங்கள். இரவில் அவற்றை உரிய வகைக்கு மாற்றி, ஹாட்சிங்க் செய்து, சார்ஜில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘பர்ஜ்’ கொடுத்துப் பழைய பதிவுகளைக் கழியுங்கள். அப்போது கணினியில் பிரதி சேமிக்கும் குறியை எடுத்துவிடாதீர்கள்.

கருவி உறைந்தால் பின்புறத் துளையை மட்டும் அழுத்துங்கள். இது சாதாரண ரீசெட், தகவல் போகாது. புதிதாக நிறுவிய செயலியால் மீண்டும் மீண்டும் உறைந்தால், மேல்நோக்கிய பட்டனைப் பிடித்தபடி துளையை அழுத்துங்கள். கூடுதல் செயலிகள் எதையும் எழுப்பாமல் கருவி திறக்கும். அந்த நேரத்தில் குற்றவாளிச் செயலியை அழித்துவிட்டு மறுபடி சாதாரண ரீசெட் செய்யுங்கள். 3-ஆம் பகுதியில் சொன்ன முழு அழிப்பு இவை இரண்டும் பலிக்காதபோது மட்டும், அதுவும் கார்டில் காப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு.